வாகனத்து செட்: திருத்துறதா, ரீகண்டிஷன் எடுக்கிறதா, ஆண்ட்ராய்ட் பேனல் போடுறதா?

வேன், கார், ஓட்டோ எது வச்சிருந்தாலும் ஒரு நாளைக்கு அதுல பாட்டு, ரேடியோ கேக்கிற செட் சத்தம் போடாம நிண்டுரும், இல்லாட்டி விடியக்காலத்தால ஸ்டார்ட் அடிச்சா பெட்டரி செத்துக் கிடக்கும். அந்த நேரம் எல்லாருக்கும் வாற கேள்வி ஒண்டுதான், இருக்கிற சாமானையே திருத்திப் போடுறதா, கொழும்புப் பஞ்சிகாவத்தை சாமான் கடைகள்ல சொல்லி ரீகண்டிஷன் (வெளிநாட்டுல பாவிச்சுக் கழட்டினது) ஒண்டு எடுப்பிக்கிறதா, இல்லாட்டி போன் மாதிரித் தொடுற ஸ்கிறீன் உள்ள ஆண்ட்ராய்ட் பேனல் ஒண்டப் புதுசா வாங்கி மாட்டுறதா எண்டு. 2020 மார்ச்சில இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்கு மறுகா திறந்தாங்க, திறந்தும் அந்த விலைக்கு நம்மட ஆக்கள்ல எத்தின பேரால வாங்க ஏலும்? அதால மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ரோட்டுல இன்னும் டொல்பின் வேனும் பழைய அல்டோவும் பஜாஜ் ஓட்டோவும்தான் கூட ஓடுது, அதுகள்ட வயரிங்கையும் செட்டையும் இன்னும் கன காலத்துக்கு நாமதான் பாத்துக்கொள்ளணும்.

என்ட முடிவ முதல்லயே சொல்லிடுறன். கறண்ட் அளக்கிற மீற்றர் வச்சுப் பாக்காம ஒரு சாமானும் வாங்கப்படாது. எந்தச் செட் நல்லம் எண்டு கேக்கிறதுக்கு முதல் செட்டுக்கு வாற கறண்ட் சரியா எண்டு பாக்கணும். நம்ம பக்கத்துல செட் பழுது எண்டு கழட்டிக்கொண்டு போறதுல கனக்க செட் பழுதே இல்ல, எர்த் (கறண்ட் பெட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போற வழி) பழுது, இல்லாட்டி எங்கயாவது ஒரு ஜொயின்ட் பழுது. அது தெரியாம புதுச் செட் போட்டா புதுச் செட்டும் அதே வருத்தத்தத்தான் காட்டும், காசு போனதுதான் மிச்சம்.

ஏன் எண்டா நம்மட இடம் அப்பிடி. எழுவான்கரையில, கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எண்டு ஒரு பக்கம் கடல் மற்றப் பக்கம் வாவி, ரெண்டுக்கும் நடுவுல உப்புக் காத்துக்குள்ளதான் வாகனம் ராப்பகலா நிக்குது. பெட்டரி நெகட்டிவ்ல இருந்து பொடிக்கு, அதாவது வாகனத்துட இரும்பு உடம்புக்குப் போற எர்த் வயர்ட ஆணிய ஒருக்கா கழட்டிப் பாருங்க. மேலால பாத்தா நல்லாத்தான் இருக்கும், அந்த வளையத்தத் தூக்கினா அடியில பச்சையாப் பூத்துக் கிடக்கும், வயர்ட உறையக் கொஞ்சம் சீவிப் பாத்தா உள்ளுக்கு செம்பு சிவப்பா இராது, கரி மாதிரிக் கறுத்து, விரலால நெரிச்சா இழை இழையா முறியும். அந்த வயருக்குள்ளால பார்க் லைட்டுக்குத் தேவையான ரெண்டு அம்பியர் போகும், அதால பாக்கிறவருக்கு எல்லாம் சரி மாதிரித் தெரியும், ஆனா ஸ்டார்ட்டர் நூறு அம்பியருக்கு மேல கேக்கக்குள்ள அது போகாது. வாவிக்கு மேற்கால படுவான்கரைப் பக்கம் உப்பு குறைவு, அங்க கிறவல் ரோட்டுக் குலுக்கமும் புழுதியும்தான் எதிரி, சொக்கட்டெல்லாம் லூசாகிரும், சிடி லென்ஸ்ல தூசு படிஞ்சு தட்டு வாசிக்காது. மாரியில ரெண்டு கரைக்கும் ஒரே கதைதான், நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் வெள்ளத்துக்குள்ளால ஓடின வேன்ட கார்ப்பட்டுக்கு அடியில ஊறின தண்ணி லேசில காயாது, அங்க சீட்டுக்குக் கீழ அம்ப் (சத்தத்தக் கூட்டுற அம்ப்ளிஃபையர்) வச்சிருந்தா முடிஞ்சு.

மீற்றர் எண்டா பெரிசா ஒண்டும் தேவையில்ல, சாதாரண டிஜிட்டல் மீற்றர் போதும், டிசி 20 வோல்ட்டுல வச்சுக்கொள்ளுங்க. எஞ்சின நிப்பாட்டி சில மணித்தியாலம் போன பிறகு பெட்டரியில 12.6 காட்டினா முழுச் சார்ஜ், 12.2 எண்டா பாதி, 12க்குக் கீழ எண்டா காலி எண்டுதான் எடுக்கணும். ஸ்டார்ட் அடிக்கிற அந்த நேரம் 9.6க்குக் கீழ விழுந்தா பெட்டரி களைச்சிட்டு. எஞ்சின் ஓடக்குள்ள சாதாரணமா 13.8க்கும் 14.4க்கும் இடையில நிக்கணும். 13க்குக் கீழயே நிண்டா சார்ஜ் ஆகல்ல, 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போயிட்டு, அப்பிடி விட்டா பல்பும் போகும் செட்டும் போகும் பெட்டரித் தண்ணியும் கொதிச்சு வத்தும். ஓட்டோவில இது ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) எண்டு சொல்ற சின்னப் பெட்டிட வேலை, அடிக்கடி பல்பு போற ஓட்டோவுக்கு பல்பு மாத்திக்கொண்டே இருக்காம அந்தப் பெட்டியப் பாருங்க.

அடுத்தது செட்டுட பின்பக்கம். கடையில வாங்குற செட்டுகள்ட வயர் கலர் அனேகமா ஒரே மாதிரித்தான், மஞ்சள் எப்பவும் நிக்கிற கறண்ட், சிவப்பு சாவி போட்டா வாறது, கறுப்பு எர்த், நீலத்துல வெள்ளைக் கோடு போட்டது அம்ப எழுப்புறதுக்கு. வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, அதே கலர்ல கறுப்புக் கோடு இருந்தா அது நெகட்டிவ். ஆனா வாகனத்துட சொந்த வயருக்கு இந்தக் கலர் செல்லாது, டொயோட்டாவுக்கு ஒரு மாதிரி நிசானுக்கு ஒரு மாதிரி, அங்க கலர நம்பாம மீற்றர நம்புங்க.

சாவிய எடுத்த உடன செட் நேரத்தையும் ஸ்டேஷனையும் மறக்குதா, மஞ்சளுக்குக் கறண்ட் வரல்ல, இல்லாட்டி மஞ்சளும் சிவப்பும் மாறிக் கிடக்கு. கன வாகனத்துல கூரை லைட்டும் செட்டுட ஞாபகமும் ஒரே பியூஸ்லதான் ஓடுது, அதால கூரை லைட்டும் எரியல்ல எண்டா ஒரு சின்னப் பியூஸ்லயே கதை முடிஞ்சிரும். பியூஸ் மாத்தக்குள்ள அதே கலர் போடுங்க, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 10 போற இடத்துல 20 போட்டா பியூஸ் எரியாது, வயர் எரியும், அது டேஷ்போட்டுக்குப் பின்னால எரியும்.

சத்தத்தக் கூட்டக்குள்ளயோ ஹோன் அடிக்கக்குள்ளயோ செட் நிண்டு நிண்டு எழும்பினா நான் எர்த்தத்தான் முதல்ல சந்தேகிப்பன். மீற்றர்ட ஒரு முனைய செட்டுட இரும்பு உடம்புலயும் மத்த முனைய பெட்டரி நெகட்டிவ் கம்பத்துலயும் பிடிச்சுக்கொண்டு சத்தத்தக் கூட்டிப் பாருங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல ஏறினா அந்த எர்த் சரியில்ல, செட்டுக்கு நல்ல வயர் ஒண்ட இழுத்து பெயின்ட் சுரண்டின இரும்புல ஆணி போட்டு இறுக்குங்க, மேலால கிறீஸ் கொஞ்சம் தடவி விடுங்க உப்பு பிடிக்காம. செட் எரியுது ஆனா சத்தமே இல்ல எண்டா ஏதோ ஒரு ஸ்பீக்கர் வயர் பொடியில முட்டுது எண்டு பாக்கணும். ஸ்பீக்கர் ஒவ்வொண்டையும் கழட்டி ஓம்ஸ் பாத்தா 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மூண்டுக்கும் நாலுக்கும் இடையில காட்டும், ஒண்டுமே காட்டல்ல எண்டா உள்ளுக்கு கொயில் அறுந்துட்டு. பழைய கசட் செட்டுக்கு ஸ்பீக்கர் நெகட்டிவ எர்த்துல குடுத்த பழக்கத்துல இப்பவும் சில ஆக்கள் அப்பிடிக் குடுக்கிறாங்க, தயவு செஞ்சு செய்யாதீங்க, இப்பத்தைய செட்டுல ரெண்டு வயர்லயும் அவுட்புட் வருது, ஒண்ட எர்த்துல முட்டினா செட்டுக்குள்ள ஸ்பீக்கர ஓட்டுற ஐசிதான் போகும்.

இவ்வளவையும் பாத்து கறண்ட் சரி, எர்த் சரி, ஸ்பீக்கரும் சரி எண்டாத்தான் செட்ட மாத்துறதப் பத்திக் கதைக்கலாம்.

இருக்கிற செட்டத் திருத்துறது எண்டா எது போனது எண்டுறதுல தான் எல்லாம் இருக்கு. சிடி வாசிக்கல்ல எண்டா லென்ஸ ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால மெதுவாத் துடைச்சாலே பாதி வேலை முடியும், அதையும் மீறினா சிடிக்கு காசு செலவழிக்காதீங்க, இப்ப ஆரும் சிடி போடுறதில்ல. சத்தம் ஒரு பக்கம் உடைஞ்சு வருது, அல்லது செட் பயங்கரமாச் சூடாகுது எண்டா அவுட்புட் ஐசி. கன செட்டுல டிடிஏ 7388 போல ஐசிதான் இருக்கும், அது கிடைக்கிற சாமான், ஈயம் வைக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் மாத்திடுவார். ஆனா இந்த நம்பர்ல போலி ஐசி சந்தையில நிறையக் கிடக்கு, மேல எழுத்து மட்டும் அச்சடிச்சு வாறது, அதால புதுசு எண்டு வாங்குறத விட செத்துப் போன வேற ஒரு நல்ல கம்பனிச் செட்டுல இருந்து கழட்டின ஐசி எனக்கு விருப்பம். பட்டன், டிஸ்பிளே, புளூடூத் போட் போன செட்டுக்கு சாமான் தேடி அலையிறது வீண். உப்பு பிடிச்சு உள்ளுக்கு போட்டே பச்சையாகிட்டு எண்டா அந்தச் செட்ட விடுங்க, இண்டைக்கு ஒரு இடத்தத் திருத்தினா அடுத்த மாரியில இன்னொரு இடம் போகும்.

ரீகண்டிஷன் ஜப்பான் செட் எண்டா சத்தத்துக்கு அத அடிக்க கனக்க ஒண்டும் இல்ல. அதே விலைக்கு வாற சீனப் பேனல விட பழைய ஜப்பான் செட்டுட சத்தம் சுத்தமா, பாரமா இருக்கும், பட்டன் பத்து வருசம் போனாலும் தேயாது. ஆனா வாங்கிறதுக்கு முதல் மூண்டு விசயம் தெரிஞ்சிருக்கணும்.

ஒண்டு எஃப்எம். ஜப்பான்ல எஃப்எம் 76ல இருந்து 90 வரைக்கும், பிறகு வந்ததுல 95 வரைக்கும் போகும், நம்ம நாட்டுல 87.5ல இருந்து 108 வரைக்கும். நம்மட தமிழ் சேனல் கனக்க 100க்கு மேலதான் இருக்கு, அதால பாண்ட் எக்ஸ்பாண்டர் எண்டு ஒரு சின்னப் பெட்டிய ஏரியல் வயர்ல போடணும், அதுக்கு 12 வோல்ட்டும் குடுக்கணும். கடையில எக்ஸ்பாண்டர் எண்டு கேட்டா கைக்கு வாறதத் தருவாங்க, அதுல எத்தின மெகாஹேர்ட்ஸ் இறக்குது எண்டு பாத்து எடுங்க. 12 இறக்குற பெட்டியப் போட்டா 103ல வாற சேனல் 91க்கு வரும், உங்கட செட் 90ல முடியுது எண்டா அது கேக்கவே கேக்காது, 16 இறக்குறது எண்டா 87க்கு வரும், கேக்கும். எக்ஸ்பாண்டர் போட்டும் எஃப்எம் இரையுது எண்டா கையில காசு இருந்தாலும் செட்ட மாத்தாதீங்க, முதல்ல ஹெட்லைட்ட ஓஃப் பண்ணிப் பாருங்க, மலிவான எல்ஈடி பல்புட டிரைவர் எஃப்எம்ம நல்லாவே கெடுக்கும்.

ரெண்டாவது பூட்டு. டொயோட்டாவோட வாற கன நெவிகேஷன் செட் பெட்டரிய ஒருக்கா கழட்டினா ஸ்கிறீன்ல ஜப்பான் எழுத்துல மேப் எஸ்டி கார்ட்டக் கேக்கும், இல்லாட்டி கோட் கேக்கும், கார்ட் எப்பவோ துலைஞ்சிருக்கும். அப்பிடி நிக்கிற செட்ட ஆராவது மலிவுக்குத் தாறன் எண்டா கையில வாங்கப்படாது, கார்ட் கையில இருந்தா மட்டும் வாங்குங்க, அதுவும் கடையிலயே 12 வோல்ட் குடுத்து எழுப்பிக் காட்டினாத்தான். உங்கட வாகனத்துலயே அப்பிடிச் செட் இருக்கு எண்டா பெட்டரி மாத்துற அண்டைக்கு இன்னொரு 12 வோல்ட் பெட்டரிய ஜம்பர் வயரால வாகனத்துக் கிளாம்புல பிடிச்சு வச்சுக்கொண்டு பழசக் கழட்டுங்க, செட் ஒண்டையும் மறக்காது. ஆனா அந்த நேரம் பொசிட்டிவ் கிளாம்ப் உயிரோடதான் இருக்கும், அது பொடியில முட்டப்படாது, ஒரு தடிச்ச துணியச் சுத்தி வச்சுக்கொள்ளுங்க.

மூண்டாவது புளூடூத். பழசு கனக்கத்துல புளூடூத் கோல் மட்டும் வேலை செய்யும் பாட்டு வராது, அல்லது யூஎஸ்பி இராது. பாட்டுக் கேக்கத்தான் செட் எண்டா இதக் கேட்டுட்டு வாங்குங்க.

ஆண்ட்ராய்ட் பேனலுக்கு வருவம். இளம் பொடியன்மார் எல்லாரும் கேக்கிறது இதத்தான், அதுலயும் நியாயம் இருக்கு, ஸ்கிறீன் பெரிசு, மேப் பாக்கலாம், ரிவேர்ஸ் கமரா போடலாம், எஃப்எம்முக்கு எக்ஸ்பாண்டரும் தேவையில்ல. அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம் ஹயர் ஓடுற ஆக்களுக்கு, புது இடத்துக்கு ஆக்கள ஏத்திக்கொண்டு போறவங்களுக்கு மேப் பிரயோசனம்தான். ஆனா பெட்டியில 4x60 வோட்ஸ், 4x80 வோட்ஸ் எண்டு அடிச்சிருக்கிறத நம்பி எடுக்கப்படாது. 14.4 வோல்ட்டுல 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு இப்பிடி உள்ளுக்கு ஐசி வச்ச எந்தச் செட்டாலும் சுத்தமாக் குடுக்க ஏலுமானது கணக்குப் போட்டா ஒரு சேனலுக்கு 26 வோட்ஸ் தான், அதுவும் ஐசிக்குள்ள ஒண்டும் விரயமாகாட்டி. உண்மையில 20க்குக் கிட்டத்தான் வரும், எந்தக் கம்பனியா இருந்தாலும். அதுக்கு மேல சத்தம் வேணும் எண்டா தனி அம்ப்தான். மலிவுப் பேனல்ல 1 ஜிபி ரெம் போட்டு வாறத எடுக்கவே எடுக்காதீங்க, மேப்பும் பாட்டும் ஒண்டா ஓடினா திக்கித் திக்கி நிக்கும், நம்மட வெயிலுக்கு மூடின வாகனத்துக்குள்ள நிண்டுட்டு எழும்பக்குள்ள இன்னும் மோசம்.

பேனல் மாத்தக்குள்ள கன பேருக்குத் தெரியாத ஒண்டு இருக்கு. டொயோட்டாட சொந்த ரிவேர்ஸ் கமரா கனக்கத்துக்கு 6 வோல்ட்தான், அது பழைய செட்டுக்குள்ள இருந்து போகும். புதுப் பேனலுக்கு மாத்தக்குள்ள கமரா வயர ரிவேர்ஸ் லைட்டுட 12 வோல்ட்டுல குடுத்தா கமரா அந்த இடத்துலயே எரிஞ்சிரும், 12ஐ 6 ஆக்குற சின்னக் கொன்வேர்ட்டர் போட்டுத்தான் குடுக்கணும். ஸ்டியரிங்ல பட்டன் இருந்தா பேனல்ல கீ 1, கீ 2 எண்டு ரெண்டு வயர் வரும், அதுல குடுத்து செட்டிங்ல ஒவ்வொரு பட்டனா பழக்கலாம், அது லேசு வேலை.

இப்ப நாலாவதா ஒண்டு, ஆரும் கேக்கிறதில்ல, ஆனா எனக்கு ஆகப் பிடிச்சது. சும்மா ஒரு கம்பனி சிங்கிள் டின் (ஒரு தட்டு உயரம் உள்ள) செட், சிடி கூட இல்லாம புளூடூத்தும் யூஎஸ்பியும் எஃப்எம்மும் மட்டும் உள்ளது. 180க்கு 50 மில்லிமீற்றர் ஓட்டை, டொல்பின்ல பழைய கசட் செட் இருந்த இடத்துல அப்பிடியே இருக்கும். டபிள் டின் ஓட்டைக்கு 180க்கு 100, டொயோட்டாவுக்கு 200க்கு 100 எண்டும் வருது, அதுக்கு ஒரு பிரேம் வாங்கணும். பேனலுக்குப் போற காசுல இந்தச் செட்டையும் வாங்கி மிச்சத்துல நாலு நல்ல ஸ்பீக்கரும் வாங்கினா கேக்கிறவருக்கு வித்தியாசம் உடன தெரியும், ஏன் எண்டா பத்து பதினைஞ்சு வருசம் பழைய ஸ்பீக்கர்ட ஓரத்து ரப்பரும் ஸ்பொஞ்சும் உப்புக்கும் வெயிலுக்கும் உக்கிப் போய்க் கிடக்கும், அதுல எந்தச் செட்ட மாட்டினாலும் அதே கரகரப்புத்தான். ஸ்பீக்கர் மாத்தக்குள்ள நாலும் ஒரே பக்கம் தள்ளுதா எண்டு பாருங்க, 1.5 வோல்ட் பெட்டரி ஒண்டுட பொசிட்டிவால பொசிட்டிவ் வயரையும் நெகட்டிவால நெகட்டிவையும் தொட்டா கோன் முன்னுக்கு வரணும், ஒண்டு மட்டும் உள்ளுக்கு இழுத்தா அதுட பொசிட்டிவ் நெகட்டிவ் மாறிக் கிடக்கு, அப்பிடி விட்டா பேஸ் வராது.

ஆகவே வாகனத்தப் பொறுத்துச் சொல்றன். டொல்பின், பட்டா லொறி, பழைய அல்டோ எண்டா அந்தச் சிங்கிள் டின்னும் ஸ்பீக்கரும், ரெண்டாவது யோசினையே வேணாம். ஜப்பான்ல இருந்து கமரா, ஸ்டியரிங் பட்டனோட வந்த கார் எண்டா பூட்டு விழாத வரைக்கும் இருக்கிற செட்டையே வச்சு புளூடூத் இல்லாட்டி ஒரு ரிசீவரும் எக்ஸ்பாண்டரும் போடுங்க, பூட்டு விழுந்து கார்ட்டும் இல்ல எண்டா மட்டும் 2 ஜிபிக்குக் குறையாத ஆண்ட்ராய்ட் பேனல். ஹயர் ஓடுற வேனுக்கு பேனல் சரி. ஓட்டோவுக்கு எண்டா சின்ன புளூடூத் செட்டும் ரெண்டு ஸ்பீக்கரும் போதும், அதுக்கு மேல ஊஃபரும் அம்ப்பும் போடாதீங்க எண்டு கெஞ்சிக் கேக்கிறன், ஓட்டோவில வாற சார்ஜ், லைட்டுக்கும் ஸ்டார்ட்டருக்கும்தான் அளவு. 300 வோட்ஸ் ஆர்எம்எஸ் (விடாமக் குடுக்கிற அளவு) உள்ள சாதாரண அம்ப் முழுச் சத்தத்துல 35, 40 அம்பியர் இழுக்கும், அது ஒரு வேனுக்கே பாரம், ஓட்டோவில ராவைக்கு ஹெட்லைட் மங்கி ரோட்டுல நிக்கிற மாடு தெரியாமப் போகும்.

அம்ப் போட்டே தீருவன் எண்டா வயர்ல மிச்சம் பிடிக்காதீங்க. கிட் எண்டு விக்கிற தடிச்ச வயர் கனக்கத்துல உள்ளுக்கு அலுமினியம், மேலால செம்புப் பூச்சு. ஒரு இழைய பிளேட்டால சுரண்டினா உள்ளுக்கு வெள்ளையாத் தெரியும். அலுமினியம் செம்பப் போல பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் கறண்ட் கடத்தும், உப்புக் காத்துல ஜொயின்ட்டுல தூளாகியும் போகும், அதால நம்ம பக்கத்துக்கு அது ஆகாது, கொஞ்சம் மெல்லிசா இருந்தாலும் சுத்தச் செம்பு எடுங்க. பியூஸ பெட்டரியில இருந்து ஒண்டரை அடிக்குள்ள போடுங்க, அம்ப்புக்குப் பக்கத்துல போடுற பியூஸ் அம்ப்பக் காப்பாத்தும், நடுவுல வயர் நசுங்கி பொடியில முட்டினா வாகனத்தக் காப்பாத்தாது. எஞ்சின் ரேஸ் பண்ண பண்ண ஊய்ங் எண்டு சத்தமும் கூடுதா, செட்டுல இருந்து அம்ப்புக்குப் பாட்டக் கொண்டு போற ஆர்சிஏ வயர அம்ப்புல இருந்து கழட்டிப் பாருங்க, சத்தம் நிண்டா செட்டுட எர்த் அல்லது ஆர்சிஏ வயர் கறண்ட் வயரோட ஒட்டிப் போகுது, நிக்கல்ல எண்டா அம்ப்புட எர்த். எல்லாம் சரி, ஆனாலும் ஊளையிடுது எண்டா ஒல்டர்னேட்டர்ட டயோட் ஒண்டு போயிருக்கலாம்.

ஒல்டர்னேட்டரிலயும் இதே மூண்டு வழி இருக்கு, திருத்துறது, ரீகண்டிஷன், புதுசு. சார்ஜ் இல்ல எண்டா கனக்க போறது காபன் பிரஷ், ரெகுலேட்டர், டயோட் பிளேட், பெயாரிங், இது நாலும் தனித்தனியா வாங்கலாம், கொயில் கருகாம இருந்தா நான் திருத்துறதத்தான் சொல்லுவன், ரீகண்டிஷன் எண்டு வாறதுக்குள்ள பிரஷ் எவ்வளவு மிச்சம் எண்டு வெளிய தெரியாது. ஆனா இது எல்லா வாகனத்துலயும் வீட்டு வேலை இல்ல. டொல்பின் மாதிரி டொயோட்டா டீசல்ல ஒல்டர்னேட்டருக்குப் பின்னாலயே பிரேக்குக்கு வாற வேக்கியூம் பம்ப் இருக்கு, எஞ்சின் ஒயில் பைப்பும் அதுலதான் வரும். பம்ப் சீல் தேஞ்சா ஒயில் ஒல்டர்னேட்டருக்குள்ள இறங்கி பிரஷ நனைச்சு சார்ஜ நிப்பாட்டும், சீல மாத்தாம பிரஷ மட்டும் மாத்தினா கொஞ்ச நாள்ல மறுகா அதே கதை. அதக் கழட்டிப் பூட்டுறதுல பிழை விட்டா பிரேக் பெடல் மிதிக்க ஏலாம இறுகிப் போகும், அதால அத கராஜ்ல பாஸ்ட கையில குடுங்க. குடுக்கக்குள்ள "அண்ண, சீலும் சேத்து மாத்துங்க, பழசையும் எனக்குக் காட்டுங்க" எண்டு சொல்லிட்டு வாங்க. அக்வா போல ஹைப்ரிட்ல ஒல்டர்னேட்டரே இல்ல, பெரிய ஹைப்ரிட் பெட்டரியில இருந்துதான் 12 வோல்ட் பெட்டரி சார்ஜ் ஆகுது, 12 வோல்ட் பெட்டரி பின் சீட்டுப் பக்கம் இருக்கும், அத நீங்களே மாத்தலாம், செம்மஞ்சள் கலர்ல போற கேபிள் ஒண்டையும் தொடாதீங்க.

பெட்டரி புதுசு, சார்ஜும் சரி, ஆனா ரெண்டு மூண்டு நாள் நிப்பாட்டி வச்சா ஸ்டார்ட் எடுக்கல்ல எண்டுறது கூடுதலா செட் மாத்தின பிறகுதான் வரும். எங்கயோ கறண்ட் இழுக்குது. எல்லாத்தையும் ஓஃப் பண்ணி கதவப் பூட்டி, நெகட்டிவ் வயரக் கழட்டி மீற்றர 10 அம்பியர்ல வச்சு கம்பத்துக்கும் வயருக்கும் நடுவுல போடுங்க, அரை மணித்தியாலம் விடுங்க எல்லாம் உறங்கிறதுக்கு, 50 மில்லி அம்பியருக்குள்ள வந்தா சரி. மீற்றர் அப்பிடி நடுவுல இருக்கக்குள்ள சாவியப் போட்டு ஸ்டார்ட் அடிக்கப்படாது, மீற்றர் போயிரும். 200 மில்லி அம்பியர் எண்டா சின்னதாத் தெரியும், ஆனா ஒரு நாளைக்கு 4.8 அம்பியர் அவர், 45 அம்பியர் அவர் பெட்டரி அஞ்சு நாள்ல பாதிக்குக் கீழ போயிரும். கூட இழுத்தா பியூஸ ஒவ்வொண்டா இழுத்துப் பாருங்க, எது இழுக்கக்குள்ள மீற்றர்ல எண் குறையுதோ அந்த லைன்ல தேடுங்க. மலிவு ஆண்ட்ராய்ட் பேனல் சிலது உறங்காம நிண்டு இழுக்கும், சில நேரம் பூட்டின ஆள் சிவப்பையும் மஞ்சளையும் ஒண்டா முறுக்கி விட்டிருப்பார், ரெண்டாவது எண்டா பிரிச்சு சாவி லைன்ல குடுத்தா அதோட சரி.

எது நீங்க செய்யலாம் எது கடைக்குக் குடுக்கணும் எண்டு கேட்டா, செட், ஸ்பீக்கர், எர்த் வயர், பியூஸ், பெட்டரி, பல்பு எல்லாம் வீட்டு வாசல்ல வச்சுச் செய்யலாம், வேலைக்கு முதல் நெகட்டிவக் கழட்டுங்க, முதல்ல சொன்ன மாதிரிப் பூட்டு விழுற செட் எண்டா கார்ட் கையில இருக்கா எண்டு பாத்துட்டுக் கழட்டுங்க. மஞ்சள் சொக்கட்டோட மஞ்சள் உறை போட்ட வயர் போனா அது ஏயார்பேக், அதுல டெஸ்ட் லாம்ப் குத்தவே படாது. மற்ற லைட், ஹோன் வயருக்கு டெஸ்ட் லாம்ப் மீற்றர விட நல்லம், ஒரு இழை மட்டும் மிஞ்சின வயர்லயும் மீற்றர் 12 காட்டும், பல்பு எரியாது, அதுலயே வயர் செத்தது தெரிஞ்சிரும். ஜொயின்ட்ட முறுக்கி டேப் சுத்தி விடாதீங்க, நம்மட வெயிலுக்கு டேப் பசை உருகி ஆறு மாதத்துல கழண்டு தொங்கும், கிரிம்ப் அடிச்சு மேலால சூட்டுக்கு இறுகுற உறையப் போடுங்க. வாகனத்துட சொந்த சொக்கட்ட வெட்டாதீங்க, கடையில வாகனத்துப் பேரச் சொல்லி "நானா, டொயோட்டாவுக்கு பத்துப் பின்னும் ஆறு பின்னும் உள்ள சொக்கட் சோடி இருக்கா" எண்டு கேட்டா கையில தருவாங்க. வெட்டி முறுக்கின வாகனத்துல அடுத்த செட் போடுற ஆளுக்கு ஒவ்வொரு வயரும் எது எண்டு தேடவே அரை நாள் போகும்.

கொழும்புல இருந்து எடுப்பிக்கிறீங்க எண்டா 300 கிலோமீற்றருக்கு மேல தாண்டி வாற சாமான், திருப்பி அனுப்புறது லேசில்ல. காசு போட முதல் உங்கட பழைய செட்டுட பின்பக்கத்தையும் சொக்கட்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, அவங்க தாற செட்ட 12 வோல்ட் குடுத்து எழுப்பி நாலு ஸ்பீக்கர்லயும் சத்தம் வாற வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ரிமோட், பிரேம், எஸ்டி கார்ட், ஏரியல் வயர் எது எது வருது எண்டு எழுத்துல கேளுங்க. பார்சல் கைக்கு வந்தா டேஷ்போட்டுக்குள்ள பூட்டுறதுக்கு முதல் வெளியிலயே ஒரு பெட்டரியில குடுத்து ஓட விட்டுப் பாருங்க, ஐசிட சூட்டையும் கையால தொட்டுப் பாருங்க, பிறகுதான் ஆணி முறுக்கணும்.